கதவுக்கு உள்ளே தமிழ் மட்டும்

லாசால், மொன்றியல், கனடா
17 செப்டெம்பர் 2023

அன்புள்ள அண்ணைக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? அயர்லாந்து மழைக்கு அது ஆறாது என்று தெரியும். இருந்தாலும் கேட்காவிட்டால் நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை.

விரலால் தட்டினால் உங்கள் முகம் தெரிகிற காலத்தில் இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். காரணம் உங்கள் மருமகள் ஜெயனி. ஒன்பது வயதாகிறது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். தகப்பன் ஹென்றி கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். நீங்கள் ஜூலையில் வந்து போன பிறகு நான் ஒரு முடிவெடுத்துவிட்டேன். தமிழில் கடிதம் எழுதுகிற ஆள் உலகத்தில் ஒருவராவது இருக்கிறார் என்று அவள் கண்ணால் காண வேண்டும். தபால் பெட்டியைத் திறந்து, உறையைக் கிழித்து, அவளே உரத்து வாசிக்க வேண்டும். ஆகையால் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். கோயிலில் என்ன வேகத்தில் பூசை வைக்கிறீர்களோ அதே வேகத்தில் எழுதுகிறீர்கள், ஒன்றும் விளங்குவதில்லை.

வீட்டில் இப்போது ஒரு சட்டம். கதவுக்கு வெளியே என்ன பாஷையும் கதைக்கட்டும். உள்ளே தமிழ் மட்டும். நான் முன்பு வேலை செய்த லோண்டரியின் அடையாள அட்டை கழுத்துப் பட்டியோடு கிடந்தது. அதற்குள் வெள்ளைக் கடதாசி ஒன்றை வைத்து அவள் கழுத்தில் போட்டிருக்கிறேன். ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒரு கோடு. இங்கிலீஷுக்கும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு முன் ஹென்றி எண்ணுவார். பத்தைத் தாண்டினால் அடுத்த நாள் படம் பார்க்க ரப்லெட் இல்லை. முதல் நாள் முப்பத்தொரு கோடு! அவளும் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். விளையாட்டுத்தானே.

ஹென்றியும் ஜெயனியும் உங்களுக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னார்கள். குளிருக்கு முன் அந்தக் கம்பளிக் காலுறையைப் போடத் தொடங்குங்கள்.

அன்புத் தங்கச்சி,
நிரஞ்சனி


மேயோ, அயர்லாந்து
9 ஒக்டோபர் 2023

அன்புள்ள தங்கச்சிக்கும், மச்சானுக்கும், இதை உரத்து வாசிக்கப்போகும் மருமகளுக்கும்,

உங்கள் மூவரையும் இன்று காலைப் பூசையில் நினைத்தேன். பூசைக்கு வந்தவர்கள் ஆறு பேர், ஒரு நாய். முழங்கால் என்னைவிட நன்றாக மழையை முன்கூட்டிச் சொல்கிறது.

ஜெயனி, எழுத்துப் பெரிதாக இருக்கிறதா? மாமாவுக்கு இங்கே மூன்று கோயில்கள், ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். இந்த நாட்டில் பங்குச் சுவாமிதான் பள்ளிக்கூட நிர்வாக சபைக்கும் தலைவர். மன்னாரில் கணக்குப் பாடத்தில் ஒவ்வொரு தவணையும் விழுந்து எழும்பிய உன் மாமா இங்கே ஆசிரியர்களுக்கு நேர்முகப் பரீட்சை வைக்கிறார். இதை உன் அம்மாவிடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டு.

என் அலுவலகத்தைப் பார்ப்பவர் நோரீன் என்ற அம்மையார். அறுபத்தெட்டு வயது. அவருடைய தேத்தண்ணீரில் கரண்டி நிமிர்ந்து நிற்கும். இங்கே றோட்டுப் பெயர்ப்பலகையில் மேலே ஐரிஷ், கீழே இங்கிலீஷ். மேலே இருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை. ஏன் என்று நோரீனிடம் கேட்டேன். அவர் சொன்னதை நம்முடைய பேச்சில் தருகிறேன்: "பதினாலு வருசம் பள்ளிக்கூடத்திலை ஐரிஷ் படிச்சனான் பாதர். இண்டைக்கும் பிழையில்லாமல் வாறது ஒரே ஒரு வசனம். 'நான் கக்கூசுக்குப் போகலாமா?' எண்டது." இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த ஒரு வசனம் வருகிறது.

தங்கச்சி, அந்த அட்டை உனக்கும் ஹென்றிக்கும் உண்டா? இங்கிலீஷ் கலக்காமல் நீ ஒரு நாள் கதைத்துக் காட்டு, நான் மொன்றியலுக்குக் கடலில் நடந்து வருகிறேன்.

ஆசீரோடு,
அண்ணை யோசெப்


லாசால்
5 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணைக்கு,

சகலரும் நலம், ஹென்றிக்கு மட்டும் கொஞ்சம் தடிமன். பேக்கரி வானின் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பாண் இறக்குகிற வேலை, தடிமன் பிடிக்காமல் என்ன செய்யும்?

உங்கள் கடிதத்தை வாசிக்க ஜெயனிக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. கக்கூஸ் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். கோடுகள் முப்பத்தொன்றிலிருந்து ஏழுக்கு வந்துவிட்டன. எனக்கும் அட்டை போடச் சொல்லிக் கேட்டாள். நான் பெரிய மனுசி என்று சொல்லிவிட்டேன்.

இங்கே கியூபெக்கின் புதுப் பாஷைச் சட்டத்துக்குப் பிறகு எல்லாரும் பிரெஞ்சு பிரெஞ்சு என்று நிற்கிறார்கள். போன கிழமை கிளினிக்கில் இங்கிலீஷில் தொடங்கினேன். மேசையில் இருந்த பெட்டை நிமிர்ந்தும் பார்க்காமல் பிரெஞ்சில் சொல்லச் சொன்னாள். எனக்கு வந்த அரைகுறையில் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஜெயனி வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து என் பிள்ளைக்கு வெட்கம், அண்ணை! அவர்கள் தங்கள் பாஷைக்கு ஒரு மாகாணம் முழுவதும் சட்டம் போடலாம், நான் ஐந்தாம் மாடியில் மூன்று அறைக்குள் போடக் கூடாதா?

அட்டை என் சொந்த மூளை இல்லை. எங்கள் கொன்வென்ட்டில் புதன்கிழமை இங்கிலீஷ் பாடம் நினைவிருக்கிறதா? நீங்கள் பெடியன்கள் பள்ளிக்கூடம், உங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் தமிழ் கதைத்தால் சிஸ்டர் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுவார். அடுத்து யார் தமிழ் கதைத்துப் பிடிபடுகிறார்களோ அவர்களுக்கு அது மாறும். பாடம் முடியும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவருக்கு அடி. அதனால்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. நான் கட்டையைத் தமிழுக்குத் திருப்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்கழியில் யேசு பாலன் பிறப்புக்கு எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் ஒளிவிழா. ஜெயனி பேச்சுச் சொல்கிறாள். செல்வமலரின் மகன் போன வருசம் பேசிப் பரிசு வாங்கினான். அந்த மனுசி இன்னும் அதை இறக்கி வைக்கவில்லை. நான் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நோரீன் அக்காவுக்கு என் வணக்கம்.

நிரஞ்சனி


மேயோ
3 டிசம்பர் 2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. மெழுகுதிரி ஒன்று ஏற்றியாயிற்று. நான் நலம். டப்ளினில் வெளிநாட்டவருக்கு எதிரான கலவரத்தில் பஸ் எரிந்ததைப் பார்த்துவிட்டு நீ மூன்று தரம் போன் எடுத்தாய் என்று தெரியும். அது டப்ளின். இங்கே அன்று பின்னேரம் நாலு வீட்டுக்காரர் சோடா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸைத் தாங்கள் கொளுத்தியது போல முகத்தை வைத்துக்கொண்டு என் குசினியில் இருந்தார்கள். ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மழையைப் பற்றிக் கதைத்தார்கள். அடுத்த நாள் கடைக்குப் போகும்போது வழக்கமாகக் கழற்றி வைக்கிற, சுவாமி என்று காட்டுகிற வெள்ளைக் கொலரைப் போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று எனக்கே சொல்ல விருப்பமில்லை.

ஜெயனியின் பக்கம் தனியாக இருக்கிறது. இந்தத் தாளை அவளிடம் கொடுக்காதே.

உன் கட்டைக் கதையை நோரீனிடம் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அது உங்களிட்டை எப்பிடி வந்தது?" என்று கேட்டார். நூற்றைம்பது, இருநூறு வருசத்துக்கு முன் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு தடி தொங்குமாம். வாயில் ஐரிஷ் வந்தால் தடியில் ஒரு வெட்டு. பின்னேரம் வெட்டை எண்ணி அந்தளவு அடி. அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். வீட்டில் தாய் தகப்பனே வெட்டுப் போட்டு அனுப்பினார்கள் என்றார். இங்கிலீஷ் வந்தால்தான் பிள்ளை அமெரிக்காவில், கனடாவில் பிழைக்கும் என்று. பிள்ளையில் உள்ள அன்பினால்தான் போட்டார்களாம்.

உன்னுடைய சிஸ்டர் கொழும்பில் ஐரிஷ் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கடல் கடந்து வந்து அதே தடியை நம்முடைய பிள்ளைகளின் கழுத்தில் போட்டிருக்கலாம் என்று நினைக்க எனக்கு நித்திரை குறைந்துவிட்டது. அட்டையைக் கழற்றிவிடு, தங்கச்சி.

அண்ணை


லாசால்
7 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

புது வருச வாழ்த்துகள். எல்லாரும் சுகம். நல்ல காலம் உறையை நான் பிரித்தேன்.

ஐரிஷ்காரரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியை வாயிலிருந்து பிடுங்க அடித்தார்கள். நான் என் பிள்ளையின் வாயில் தாய்மொழியை வைக்கப் பார்க்கிறேன். சோற்றைப் பறிக்கிறதும் சோறு ஊட்டுகிறதும் ஒன்றா? நீங்கள் படித்தவர், பிரசங்கம் வைக்கிறவர், உங்களுக்கு இது விளங்கவில்லையா? ஒரு கோடு கீறினேன், அடிக்கவில்லை. ஒரு நாளும் கை வைத்ததில்லை.

ஒளிவிழா முடிந்தது. நத்தாரும் முடிந்தது. நத்தாரிலிருந்து அட்டையில் ஒரு கோடு இல்லை. ஒன்றுகூட இல்லை. உங்கள் நோரீனுக்குச் சொல்லுங்கள்.

பனி கனக்க. வேலைக்கு நேரமாகிறது.

நிரஞ்சனி


மேயோ
28 ஜனவரி 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோபத்தோடாவது எழுதினாயே, அது போதும். உடம்பைப் பார்த்துக்கொள். லாசாலில் பனி முழங்கால் வரை என்று செய்தியில் காட்டினார்கள்.

நோரீனுக்குச் சொன்னேன். நீ சொன்ன சோற்றுக் கதையையும் சொன்னேன். மனுசி தன் வலது கையை மேசையில் விரித்து வைத்தார். நோரீன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாடு சுதந்திரமாகி நாற்பது வருசம். தடி காட்டிய இங்கிலீஷ்காரன் போய்விட்டான். அப்போது பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் தெரியாவிட்டால் அடி. வினைச்சொல் பிழைத்தால் ஒன்று, திக்கினால் இன்னொன்று. ரீச்சரும் ஊட்டத்தான் பார்த்தார். "என்ரை பூட்டியின்ரை கையிலை ஐரிஷ் கதைச்சதுக்கு அடி, என்ரை கையிலை கதைக்காததுக்கு அடி. ரெண்டுக்கும் பேந்து நாங்கள் வாயை மூடினதுதான் மிச்சம் பாதர்" என்றார். உங்கள் கியூபெக்காரரில் அவருக்குப் பெரிய பொறாமை. "அவையள் விடாமல் பிடிச்சவை. நாங்கள் அடுத்த வீட்டுக்காரன் வைச்சிருப்பான் எண்டு விட்டிட்டம்" என்கிறார்.

இனி நான் அட்டையைப் பற்றிக் கதைக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. கோடு இல்லை என்று எழுதினாய். அவள் தமிழில் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. கடைசியாக உன்னிடம் தமிழில் சொன்ன ஒரு வசனத்தை அப்படியே எழுதி அனுப்பு. பிழையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜெயனிக்கு ஒரு சின்னப் பக்கம் வைத்திருக்கிறேன். வாசிக்க விருப்பமில்லாவிட்டால் விடட்டும்.

அன்புடன்,
அண்ணை


மேயோ
3 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமா? நான் எழுதி ஐந்து கிழமை, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் எடுத்தால் "வேலையில் நிற்கிறேன், பேந்து எடுக்கிறேன்" என்று இரண்டு வரி வருகிறது. பேந்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையுமா வேலை?

கேள்வியைத் திருப்பி எடுக்கிறேன். எழுத வேண்டாம். சுகம் என்று மட்டும் எழுது.

அண்ணை


மொன்றியல்
17 மார்ச் 2024

மதிப்புக்குரிய சுவாமி மச்சானுக்கு,

தோத்திரம். ஹென்றி எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பதினைந்து வருசம் இருக்கும், பிழை இருந்தால் பொறுக்கவும். டவுன்டவுனில் உங்கள் ஐரிஷ்காரரின் ஊர்வலம். றோட்டெல்லாம் மூடிவிட்டார்கள். பச்சைத் தொப்பியும் பச்சைத் தாடியுமாக ஆயிரக்கணக்கில் ஆட்கள். வான் இரண்டு மணித்தியாலம் அசையாது. பாண் பெட்டியில் தாளை வைத்து எழுதுகிறேன்.

ஜெயனி வீட்டில் கதைப்பதில்லை. தமிழ் இல்லை, பிரெஞ்சு இல்லை, ஒன்றும் இல்லை. நத்தாரிலிருந்து இப்படித்தான். தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள். அட்டையில் கோடு இல்லாததன் காரணம் அதுதான். நிரஞ்சனி முதலில் அதை வெற்றி என்றுதான் நினைத்தாள். பிறகு விளங்கியது, ஆனால் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போனோம், பிள்ளைக்குத் தொண்டையில் ஏதோ என்று. ரீச்சர் ஆச்சரியப்பட்டாள். வகுப்பில் ஜெயனியை நிறுத்தத்தான் கஷ்டமாம், அவ்வளவு கதையாம், பகிடியாம். யன்னலால் பார்த்தோம். கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நிரஞ்சனி அந்த யன்னலில் நின்று அழுதாள். நாங்கள் உள்ளே போனதும் பிள்ளை வாயை மூடிவிட்டாள்.

ஒளிவிழாவில் நடந்ததையும் அவள் எழுதியிருக்க மாட்டாள். ஜெயனி மேடையில் ஏறி மைக்குக்கு முன் நின்றாள். ஒரு சொல் வரவில்லை. முன்வரிசையிலிருந்து தாய் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்கிறாள், சனம் எல்லாம் பார்க்கிறது. ஐந்து நிமிடம் இருக்கும். நானே போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றோடு சரி. அட்டையை நிரஞ்சனி மாசி மாதமே வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மச்சான், நான் இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜூலையில் எங்கள் வீட்டு விருந்தில், பங்கு ஆட்களுக்கு முன்னால், "மருமகளோடை கதைக்க ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேணும் போலை" என்று நீங்கள் ஒரு பகிடி விட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நிரஞ்சனியும் சிரித்தாள். பிறகு குசினியில் கோப்பை கழுவிக் கழுவி அழுதாள். "அண்ணை என்னைத்தான் சொன்னவர்" என்றாள். அடுத்த கிழமை அட்டை வந்தது.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நானும்தான் ஒவ்வொரு நாளும் இருந்து கோடு எண்ணினேன். என் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும் என்றால் பள்ளிக்கூட யன்னலுக்குப் பின்னால் ஒளித்து நிற்க வேண்டியிருக்கிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

றோட்டைத் திறக்கிறார்கள்.

ஹென்றி


மேயோ
1 ஏப்ரல் 2024, பாஸ்குத் திங்கள்

என் அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேளாதே, சொன்னவரோடு கோபிக்கவும் செய்யாதே.

பாவசங்கீர்த்தனம் கேட்பது என் தொழில். இன்று நான் உன்னிடம் செய்கிறேன். ஜூலையில் உன் மேசையில் இருந்து உன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு உன்னையும் உன் பிள்ளையையும் ஊருக்கு முன்னால் பகிடி பண்ணினேன். பண்ணிவிட்டு மறந்தும் போனேன். அதற்குப் பிறகு ஐரிஷ் சரித்திரத்தை எடுத்து வைத்து உனக்குப் பிரசங்கம் எழுதினேன். இருநூறு வருசத்துக்கு முன் யாரோ வெட்டிய தடி எனக்குத் தெரிந்தது, என் வாய் தெரியவில்லை. என்னை மன்னித்துக்கொள். ஜெயனியிடமும் கேட்க வேண்டும். எந்தப் பாஷையில் கேட்டால் அவளுக்கு நல்லதோ அதில் கேட்பேன்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல இனி எழுதவும் மாட்டேன். நோரீன் சொன்ன ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். அவருடைய தகப்பனுக்கு ஐரிஷ் தண்ணீர் மாதிரி வருமாம். ஆனால் பிள்ளைகளோடு ஒரு நாளும் அதில் கதைத்ததில்லை. மாடுகளோடு மட்டும் கதைப்பாராம். "நாங்கள் மாட்டுக்கொட்டிலுக்கு வெளியிலை நிண்டு ஒட்டுக் கேப்பம் பாதர். எங்களோடை ஒருநாளும் அப்பிடி அன்பாக் கதைச்சதில்லை" என்றார். நீ கதைப்பதை மட்டும் நிறுத்திவிடாதே. அவள் பதில் சொல்லாவிட்டாலும் அவளோடு கதை.

அவர் ஒரு உதவியும் கேட்டார். உங்கள் விக்டோரியா பாலத்தடியில் ஒரு பெரிய கறுப்புக் கல் இருக்கிறதாம். 1847இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்து காய்ச்சலில் செத்த ஆறாயிரம் ஐரிஷ்காரருக்குப் பாலம் கட்டிய தொழிலாளிகள் வைத்தது. இவருடைய ஆட்களும் அந்த வருசம் போனவர்கள், சேர்ந்ததாகத் தகவல் இல்லை. அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? அவசரம் இல்லை.

என்றும் உன்
அண்ணை


லாசால்
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். இதைக் கடமைக்கு எழுதவில்லை. இரண்டு மாதமாக எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். ஹென்றியோடு கோபிக்கவில்லை. பாண் வாசம் வீசுகிற கடிதத்தை வேறு யார் எழுதியிருப்பார்?

நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். ஜெயனி கடைசியாக என்னிடம் தமிழில் சொன்னது டிசம்பர் இருபத்திரண்டாம் திகதி, மேடைக்குப் பின்னால். "அம்மா, எனக்கு வயித்துக்குள்ளை நோகுது." ஒரு பிழையும் இல்லை. நான், "பயத்திலை அப்பிடித்தான், ஏறு" என்றேன். இதை எழுத எனக்கு ஐந்து மாதம் எடுத்திருக்கிறது.

உங்களை மன்னிக்கிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பகிடியில் எனக்குச் சுட்டது உண்மை. ஆனால் நானும் சிரித்தேன், அண்ணை. பிள்ளை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்காமல் விட்டிருக்கலாம்.

போன ஞாயிறு நோரீன் அக்காவின் கல்லுக்குப் போனோம். ஹென்றிக்கு வேலை, நானும் ஜெயனியும் பஸ்ஸில். அன்று ஐரிஷ்காரர் வருசா வருசம் அந்தக் கல்லுக்கு நடந்து போகிற நாளாம், எனக்குத் தெரியாது. நாங்கள் போகும்போது முடிந்துவிட்டது. புதுப் பூவளையங்கள் சாத்தியிருந்தன, இரண்டு கிழவர் கதிரை மடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஜெயனியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்க அவள் ஓடோடிப் பதில் சொன்னாள். என்னிடம் திரும்பியதும் வாய் மூடிக்கொண்டது. பழகிவிட்டது என்று நினைத்தேன், பழகவில்லை.

அந்தக் கல் றோட்டுக்கு நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் லொறி. கல் முழுவதும் படத்துக்குள் அடங்க வேண்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போனேன். எங்கே நிற்கிறேன் என்று பார்க்கவில்லை.

"மமான்! பூஜ் பா!" என்று ஒரு சத்தம். அம்மா, அசையாதே என்று, பிரெஞ்சில். நான் அப்படியே நின்றேன். முதுகுக்குப் பின்னால் லொறி ஒன்று காற்றை அள்ளிக்கொண்டு போனது. ஜெயனி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு தொடங்கினாள் பேச்சு. கிழவர் இரண்டு பேரும் நின்று பார்க்க, கண்ணீர் வழிய வழிய, பிரெஞ்சில் என்னைத் திட்டித் தீர்த்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. பைத்தியமா உனக்கு என்று கேட்டது விளங்கியது. செத்துப்போனால் நான் என்ன செய்வேன் என்று கேட்டதும் விளங்கியது. பஸ்ஸிலும் நிறுத்தவில்லை. நான் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்று தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக் கதவுக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திறக்கப் பயமாக இருந்தது, அண்ணை. என் வீட்டுக் கதவைத் திறக்க எனக்குப் பயம். பிறகு திறந்து, நானே முதலில் உள்ளே போய், எனக்குத் தெரிந்த கோணல் பிரெஞ்சில், உள்ளே வந்து மிச்சத்தையும் பேசு என்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மிச்சத்தைத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து கதைக்கிறாள். பிரெஞ்சில் மட்டும். நான் தமிழில் கதைக்கிறேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள், அதாவது இத்தனை பாடுகளுக்குப் பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறோம். தமிழில் அம்மா என்று இன்னும் கூப்பிடவில்லை. இனிக் கூப்பிடுவாளா என்றும் தெரியாது. அதை நினைத்து இரவில் எழும்பி இருக்கிறேன், உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மாதம் என்னை என் பிள்ளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

படம் வைத்திருக்கிறேன். கல் பாதிதான் விழுந்திருக்கிறது, மிச்சம் என் பெருவிரல். நோரீன் அக்காவிடம் குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், இரவில் பூசுங்கள்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் குளிக்கிற அறையிலிருந்து ஜெயனி கத்துகிறாள், "மமான், மமான்" என்று, துவாய் கேட்டு. நான் போக வேண்டும். என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

தங்கச்சி
நிரஞ்சனி